தண்ணீர் போன வழி

ஆனி 9, திங்கள்

இன்றிலிருந்து எனக்குக் கல்லை மாவாக்கும் வேலை. யாராவது கேட்டால் இட்லிக்கு அரைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வெந்து வர கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் நரிமடு, கிருஷ்ணகிரியிலிருந்து ஆந்திரா எல்லைக்குப் போகிற பக்கம். ஊருக்கு மேற்கே ஒரு கரடு, பாறைக்குன்று. அதற்குள் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி தை மாதமே வந்து, ஷெட் போட்டு, மெஷின் வைத்துத் துளைத்துக்கொண்டிருக்கிறது. துளைக்குள்ளிருந்து உலக்கை உலக்கையாகக் கல் வரும். அதை நீளவாக்கில் இரண்டாக அறுப்பார்கள். ஒரு பாதி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். இன்னொரு பாதியை நானும் பக்கத்து வீட்டு மஞ்சுளாவும் உடைத்து, மாவாக்கி, பையில் போட்டு, நம்பர்ச் சீட்டு வைத்துக் கட்டவேண்டும். பெங்களூரில் லேபுக்காரர்கள் அதைச் சோதித்துத் தங்கம் உண்டா இல்லையா என்று சொல்வார்கள். இது மூன்றாவது துளை. முதல் இரண்டிலும் ஒன்றுமில்லை. இதிலும் இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம்.

எங்களுக்கு மேலே மெர்லின் மேடம். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், முப்பது வயசு இருக்கும். கல்லைப் பற்றிப் படித்தவள். காது, கழுத்து, கை எல்லாம் வெறுமை. அவர்கள் சபையில் நகையே போடக்கூடாதாம்.

"தங்கத்தைத் தேடற பொண்ணு மேல ஒரு குண்டுமணி தங்கம் இல்லியே மேடம்" என்றேன்.

"அதனாலதான் அக்கா என்னை இந்த வேலைக்கு எடுத்தாவ" என்றாள். வாய் இருக்கிறது. பிடித்துப்போயிற்று.

அப்புறம் ரூல் சொன்னாள். ஷெட்டுக்குள் யாரும் தங்கம் போட்டு வரக்கூடாது. ஒரு டிராக்டர் லோடு கல்லில் ஒரு சின்ன மோதிரம் அளவு தங்கம் இருந்தாலே பெரிய சமாச்சாரமாம். அப்படியிருக்க, நம் நகை ஓரம் உரசி மாவில் ஒரு தூசி விழுந்தால் லேபில் தங்கமலை என்று காட்டிவிடும். போட்டு வந்தது தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

மஞ்சுளா கம்மல், மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் மாமியாரிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டாள். நானும் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டேன். தங்கத்தாலி ஜாக்கெட்டுக்குள்ளே, ஊக்கு குத்தி.

எங்கள் வீட்டுக்காரர் சம்பங்கி, லாரி டிரைவர். பங்குனியில் குஜராத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர் இன்னும் திரும்பவில்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவர்தான் பிள்ளை, அதுவும் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை. ஸ்டியரிங் பிடித்திருக்கிற மனுஷன் திரும்பி வருகிறவரைக்கும் நான் இதைக் கழற்றமாட்டேன். கழற்றினால் வண்டி எங்கேயாவது திரும்பிவிடும் என்று ஒரு பயம். அவ்வளவுதான் விஷயம்.

இந்த டைரி மேடம் கொடுத்தது, போன வருஷத்தது. தேதி ஒத்துவராததால் காலண்டரைப் பார்த்துத் தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன்.

ஆனி 12, வியாழன்

கல் அறுக்கிற மெஷின் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அறுக்கும். மத்தியானத்தில் அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். நனைந்த கல்லைப் பார்த்தால் காய்ந்த கல்லைப் பார்க்கப் பிடிக்காது. கறுப்பு என்று நினைத்தது பச்சைக் கறுப்பாக இருக்கிறது, உள்ளே ஊசி ஊசியாய் மினுக்கு. நடுவே திடீரென்று பால் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

"இந்த வெள்ளை எப்படி மேடம் உள்ள போச்சு? யாரு ஊத்தினா?"

"தண்ணி ஊத்துச்சு அக்கா."

மேடம் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சொன்னாள். இந்தக் கறுப்புக் கல் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் உருகி ஓடின குழம்பாம். அது ஆறி, அதற்குமேல் என்னென்னமோ படிந்து, ஆழத்துக்குப் போய்விட்டதாம். அங்கே மேலேயும் பக்கத்திலும் அழுத்தம், கீழே சூடு. கல் கல்லாக இருக்க முடியாமல் வேறு கல்லாக மாறுகிறபோது வியர்த்ததாம்.

"கல்லு வேர்க்குமா?"

"வேர்க்கும் கேட்டியளா. கல்லுக்குள்ளயே பூட்டிக் கெடந்த தண்ணி அப்பதான் வெளிய வரும். அடுப்புத் தண்ணியை விட நாலு மடங்கு சூடு. ஆனா கொதிக்காது, மேல அவ்வளவு பாரம். அது சந்து பொந்து தேடி மேல ஏறும். ஏறும்போது கல்லுல சிதறிக் கெடக்குற தங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பொறுக்கிட்டே வரும்."

எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று கேட்டேன். இருநூற்றைம்பது கோடி வருஷம் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு மாவை அள்ளிப் பையில் போட்டேன். வேறென்ன சொல்வது.

ஆனி 15, ஞாயிறு

லீவு. ராகி காயவைத்தேன். போன் போட்டேன், சுவிட்ச் ஆப். குஜராத்தில் கரண்டு இல்லை போல.

ஆனி 20, வெள்ளி

விடிகிற நேரத்தில் ஒரு கனவு. நான் கரட்டுக்குக் கீழே, ரொம்பக் கீழே, கல்லோடு கல்லாகப் படுத்திருக்கிறேன். மூச்சு முட்டவில்லை, பயமில்லை. காதுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஏறிப் போகிறது. சத்தமே இல்லை, பட்டுப்புடவை உரசுகிற மாதிரி. ஒவ்வொரு துளி முதுகிலும் ஒரு மஞ்சள் பொட்டு. எறும்பு ரவையைத் தூக்கிப் போகுமே, அப்படி வரிசையாகப் போகின்றன. எங்கே போறீங்க என்று கேட்டேன். ஒரு துளி மட்டும் நின்று, "வேலைக்கு" என்றது.

எழுந்து சிரித்தேன். ஜாக்கெட்டுக்குள் தாலி சூடாக இருந்தது.

காலையில் மேடத்திடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, நான் மூணு வருஷம் படிச்சும் எனக்கு ஒரு தடவைகூட அப்படிக் கனவு வரலியே" என்றாள்.

"கல்லு பக்கத்துல படுத்தாதானே வரும்? நீங்க லேப்டாப் பக்கத்துல படுக்கறீங்க."

ஆனி 26, வியாழன்

இன்று மஞ்சுளா குதிகுதியென்று குதித்தாள். அறுத்த கல்லில் மஞ்சளாய், கட்டம் கட்டமாய்ப் பளபளப்பு.

"மேடம், தங்கம்! அக்கா, இங்க பாருக்கா!"

மேடம் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். தங்கம் இல்லையாம், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. சாய்த்துப் பிடித்தால் மினுக்கு போய்விடுகிறது. தங்கம் எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரி மஞ்சளாக இருக்குமாம். ஆனால் இது இருக்கிற இடத்தில் தங்கமும் இருக்கலாம் என்றாள்.

"அதெப்படி? ரெண்டும் சொந்தமா?"

"தங்கம் தனியா தண்ணில கரையாது அக்கா. கந்தகத்தோட கையைப் பிடிச்சாத்தான் கரைஞ்சு நடக்கும். ரெண்டும் சேர்ந்தே மைல் கணக்கா மேல வரும். வர்ற வழியில இந்தக் கறுப்புக் கல்லு. இதுக்குள்ள இரும்பு நெறைய. இரும்பைக் கண்டா போதும், கந்தகம் தங்கத்தை விட்டுட்டு அதோட சேர்ந்துரும்."

"அப்புறம் தங்கம்?"

"அதுக்குத் தனியா நடக்க முடியாதே. விட்ட இடத்துலயே உக்காந்துரும்."

"அடப்பாவி கந்தகம்" என்றாள் மஞ்சுளா.

"கந்தகத்தைச் சொல்லி இன்னா பண்றது, அந்த இரும்பு சட்டுனு பிடிச்சிகிச்சு பாரு" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் கடைசியாக நிறுத்தினேன்.

சாப்பிடும்போது மஞ்சுளா தட்டைப் பார்த்தபடியே பேசினாள். "அக்கா, தப்பா நினைக்காத. எங்க அண்ணன் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளில மாமாவைப் பார்த்துச்சாம். ரோட்டோரம் ஒரு டிபன் கடை. ஒரு பொம்பள இட்லி ஊத்துது. மாமா லுங்கி கட்டிகினு வெங்காயம் நறுக்கிகினு இருந்தாராம்."

"குஜராத்து லோடை எறக்கிட்டு வர்ற வழியில கை சும்மா இருக்கேன்னு நறுக்கிருப்பாரு. உனக்கு ரசம் வேணுமா?"

வீட்டில் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் வெங்காயம் நறுக்கியதில்லை. கத்தியைப் பிடிக்கவே தெரியாது. அதனால் அது அவர் இல்லை.

ஆடி 2, வெள்ளி

வெள்ளைக்கோடு அகலமாக வந்த பெட்டி இன்று. வெள்ளையும் கறுப்பும் ஒட்டுகிற ஓரத்தில் புகை மாதிரி ஒரு நிறம். மேடம் அந்தப் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

தண்ணீர் ஏறுகிற சந்து அடைத்துக்கொள்ளுமாம். அடியில் தண்ணீர் முட்டி முட்டி ஒருநாள் பூமியே ஒரு உலுக்கு உலுக்கிச் சந்து பிளக்கும். பிளந்த அந்த நொடியில் பாரம் விட்டுப்போகும். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்ததெல்லாம் கீழே விழும். வெள்ளைக் கல் அப்படி விழுந்ததுதான். பிறகு மறுபடி அடைப்பு, மறுபடி பிளப்பு. ஆயிரம் தடவை.

இதை நினைத்துக்கொண்டே மாவு மெஷின் மூடியைத் திறந்து மாவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஊக்கு எப்போது கழன்றதோ தெரியாது. தாலி வெளியே தொங்கி மூடிக்கும் ஓரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இழுத்தேன். கறுக் என்று ஒரு சத்தம். மஞ்சுளா அந்தப் பக்கம் திரும்பி நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு ஓரம் கீறியிருந்தது. மாவில் எதுவும் தெரியவில்லை. அள்ளிப் பையில் போட்டுக் கட்டிவிட்டேன். பை 214.

இவ்வளவு பெரிய பையில் ஒரு தூசியா தெரியப்போகிறது.

ஆடி 5, திங்கள்

மழை. ஷெட்டில் ஒழுகல். மஞ்சுளாவுக்குச் சளி, எனக்குச் சந்தோஷம், அவள் பேசவில்லை.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. ஏரிக்கரையில் எல்லோரும் தாலிக்கயிறு மாற்றினோம். மஞ்சுளாவின் மாமியார் எனக்கும், பழைய கயிறு கழுத்தில் இருக்கும்போதே, புதுக்கயிறு கோர்த்துக் கட்டினாள். முன்னாடி நாளே, கழற்றாமலே, புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். என் உடம்பு சூட்டு உடம்பு. போன வருஷத்திலிருந்து தாலி பத்து நாளைக்கு ஒருதரம் கறுத்துவிடுகிறது. மஞ்சுளாவின் தாலி தேய்க்காமலே பளபளக்கிறது. குளிர்ச்சியான உடம்பு, அவள் புண்ணியம்.

ஏரி நிறையத் தண்ணீர். படியில் உட்கார்ந்து கால் நனைத்தேன். ஒரு கை தண்ணீர் அள்ளி உற்றுப் பார்த்தேன், மேலே ஏதாவது தூக்கிக்கொண்டு வந்திருக்கிறதா என்று. ஒரு புல் இருந்தது.

ஆடி 27, செவ்வாய்

லேபிலிருந்து ரிசல்ட் வந்துவிட்டது. தங்கம்!

டிரில் ஓட்டுகிற ஆட்கள் விசிலடித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கரட்டடியில் நிலம் இருக்கிறவர்கள் எல்லாம் நடையே மாற்றி நடந்தார்கள். என் அம்மா எனக்குக் கொடுத்த மேட்டுக்காடும் அங்கேதான் இருக்கிறது, முள்ளும் கல்லுமாக. வாட்ச்மேன் கிட்டப்பா எனக்கு ஒரு வணக்கம் போட்டான்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஒரே ஒரு பையில அள்ளிக் கொட்டுன மாதிரி காட்டுது. முன்னாடி பையில இல்ல, பின்னாடி பையில இல்ல. கல்லுல அப்படியும் இருக்கலாம். இல்லாட்டி நம்ம கையிலருந்தும் விழுந்திருக்கலாம். அக்கா, மஞ்சுளா, யாராவது தங்கம் போட்டிருந்தீங்களா? கோவப்பட மாட்டேன்."

"அய்யோ மேடம், எங்க கழுத்துல இந்த மஞ்சளைத் தவிர ஒண்ணுமில்ல" என்றாள் மஞ்சுளா. என் மஞ்சளையும் பிடித்துக் காட்டினாள்.

நான் தலையாட்டினேன்.

"எந்தப் பை மேடம்?"

"இருநூத்திப் பதினாலு."

ஹெட் ஆபீசுக்கு மேடம் வியாழக்கிழமை எழுதவேண்டும். தங்கம் என்று எழுதி, அது பொய் என்று ஆகிவிட்டால் மேடத்தை இந்த வேலையில் யாரும் இனி நம்பமாட்டார்கள். நம்பமுடியாது என்று எழுதினால் கேம்ப் மூடிவிடும்.

ஆடி 28, புதன்

சோறு இறங்கவில்லை. கத்தரிக்காய் சரியில்லை.

ஆடி 29, வியாழன்

காலையில் ஷெட்டுக்குப் போகாமல் நேரே மேடம் ரூமுக்குப் போனேன். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலைகூட வாரவில்லை.

"அனுப்பிட்டீங்களா?"

"இல்லக்கா. எழுதறேன், அழிக்கறேன்."

"அனுப்பாதீங்க. அந்தத் தங்கம் கல்லுது இல்ல. என்னுது."

ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டினேன். கீறலையும் காட்டினேன். மூடியில் மாட்டினதைச் சொன்னேன்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். அவள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"எதுக்குக்கா?"

"வண்டி ஓட்டற மனுஷன் மேடம். கழட்டினா..." மீதி வாயில் வரவில்லை. எனக்கே புதிதாக இருந்தது.

வெளியே டிரில் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் எழுந்து பீரோவிலிருந்து துணிக்கடையில் விலைச்சீட்டைப் படிக்கிற துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்தாள். ஒரு பொருள்மேல் வைத்து அழுத்தினால் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் காட்டும் மெஷின்.

"நகைத் தங்கத்துல செம்பு, வெள்ளி கலந்திருக்கும். கல்லுத் தங்கம் வேற மாதிரி. உங்க தாலில என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சா, பையில இருக்கது எதுன்னு கண்டுபிடிச்சுரலாம்."

"அப்ப வெச்சுப் பாருங்க."

"ஆளு மேல வைக்கக்கூடாது அக்கா. கதிர் அடிக்கும். நீங்க அதைக் கழட்டணும்."

கையை மேலே கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் கழற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. டிரில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஜன்னலில் ஒரு மைனா உட்கார்ந்து பார்த்தது.

மேடம் மேசைமேல் தாலியை வைத்து மெஷினை அழுத்தினாள். படித்தாள்.

"செம்பு... துத்தநாகம்..." நிறுத்திவிட்டாள்.

திருப்பிப் போட்டு அழுத்தினாள். கீறின இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"மெஷின் கெட்டுப்போச்சா மேடம்?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அக்கா."

"தங்கம் எவ்ளோ காட்டுது?"

அவள் என்னைப் பார்த்தாள். நகையே போடாத பெண், ஒரு நகையைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தேடினாள். "இது பித்தளை அக்கா" என்றாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. ஷெட்டில் மெஷினை நிறுத்தினதும் காதில் ஒரு அமைதி வருமே, அதுதான் வந்தது.

"அப்ப அந்தப் பைத் தங்கம் உங்களுது இல்லியே!" என்று சட்டென்று மேடம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெட்டி அடுக்கியிருக்கிற ஷெட்டுக்கு ஓடினாள். 214ஆம் பைக்குப் போன கல்லின் மறுபாதி அங்கே பெட்டியில் இருக்கிறது, என் தாலி பக்கத்தில்கூடப் போகாதது. அதை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். பூதக்கண்ணாடி வைத்து வெள்ளையும் கறுப்பும் ஒட்டுகிற ஓரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். மெஷினை வைத்தாள்.

"இருக்கு" என்றாள். "அக்கா, இருக்கு!"

கண்ணாடியை எனக்குக் கொடுத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளைப் பனி மாதிரி. அப்புறம் அந்தப் பனிக்குள் நாலைந்து பொட்டுகள், நெருக்கமாக. பளபளப்பே இல்லை. எப்படிச் சாய்த்தாலும் அதே மஞ்சள். சோறு தின்றுவிட்டு யாரோ எழுந்துபோன தட்டோரத்தில் ஒட்டிக்கொண்ட பருக்கைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. இத்தனை கோடி வருஷம் இருட்டில் இருந்த ஒன்றை முதலில் பார்த்தது மேடம், இரண்டாவதாக நரிமடு மாதம்மாள். ரொம்ப நேரம் பார்த்தேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே மனசில்லை. எடுத்தால் வெளியே வந்துவிடவேண்டும்.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கழுத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"சிரிங்க மேடம்" என்றேன். "கல்லு மேல எனக்கு இன்னா கோவம்?"

ஆடி 30, வெள்ளி

போன வருஷம் ஆடியில் தாலி வளையம் விட்டுப்போயிற்று என்று அவரே வாங்கிக்கொண்டு போனார், கிருஷ்ணகிரியில் பற்றவைத்து வருகிறேன் என்று. இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். அப்படி ஒரு பளபளப்பு. நான்தான் தெருவெல்லாம் காட்டினேன், எங்க வீட்டுக்காரர் பாலீஷ் போட்டு வந்திருக்காரு பாருங்க என்று.

ஆவணி 4, புதன்

ஹெட் ஆபீஸ் நாலாவது துளைக்கு உத்தரவு போட்டுவிட்டது. ரூலை மீறினதற்கு எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன்.

"மீறலியே அக்கா. ரூலு தங்கத்துக்குத்தான். ஆனா மூடியில மாட்டுற எதையும் இனி போடப்படாது" என்றாள் மேடம். அப்புறம் மெதுவாக, "வெளியில போட்டுக்கிடணும்னா போட்டுக்கிடுங்க. உங்க இஷ்டம்" என்றாள்.

நான் போட்டுக்கொள்ளவில்லை. மஞ்சள் துண்டையும் கழற்றிவிட்டேன். யாரும் கழற்றச் சொல்லாதபோது கழற்றி வைத்திருப்பது நன்றாக இருக்கிறது. கழுத்தில் காற்று படுகிறது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே காற்றே பட்டதில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மேடமும் நானும் ஷெட் ஓரத்தில் நின்று கரடு மறைவதைப் பார்த்தோம்.

"மேடம், எல்லாரும் தங்கம் எங்க எங்கன்னு தேடறீங்க. அந்தத் தண்ணி எங்க போச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தத் தண்ணி?"

"அதான், தூக்கிகினு வந்துச்சே. எறக்கி வெச்சிட்டு எங்க போச்சு?"

"மேல போயிருக்கும். ஆறி, ஊத்தா வந்திருக்கும், கடல்ல சேர்ந்திருக்கும், மழையாட்டு பெய்ஞ்சிருக்கும். யாருக்கும் தெரியாது அக்கா. அதை யாரும் தேடுறதில்ல."

"பாவம்" என்றேன். உடனே, "பாவம் இல்ல, போவட்டும்" என்றேன்.

மழை கூரையில் இறங்கிக்கொண்டே இருந்தது. கையை நீட்டி நனைத்துக்கொண்டேன்.

ஆவணி 10, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் போனும் வந்துவிட்டது.

"மாது, நான்தான். நம்ம ஊரு கரட்டுல தங்கமாமே?"

"ஆமாங்க."

"நம்ம மேட்டுக்காட்டுப் பக்கமா?"

"பக்கத்துலதான்."

"இங்க ஒரே லோடு, அதான் போன் பண்ண முடியல. குஜராத்துல சிக்னலும் இல்ல. வெள்ளிக்கிழமை வந்துடறேன்."

"வாங்க. வெங்காயம் நறுக்கி நறுக்கிக் கண்ணு எரிஞ்சிருக்கும், ஒரு வாரம் இருந்து போங்க."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் யாரையோ சட்னி எடுத்துவரச் சொன்னது. போன் கட்டாகிவிட்டது.

சிரிக்கலாம் என்று பார்த்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது. இரண்டையும் முடித்துவிட்டு ராகி களி கிண்டினேன்.

ஆவணி 13, வெள்ளி

பத்து மணிக்குக் கிட்டப்பா வந்து, "அக்கா, கேட்டுல ஒருத்தர் நிக்கறாரு. உன் வீட்டுக்காரர்னு சொல்றாரு. உள்ள வுடட்டா?" என்றான்.

"வெளியாளு உள்ள வரக்கூடாதுன்னு ரூல் இருக்குதில்ல? நானே வரேன்."

முகம், முடியெல்லாம் கல்மாவு. துடைக்காமலே போனேன். இளைத்திருந்தார். புதுச்சட்டை. முதலில் என் கழுத்தைப் பார்த்தார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா மாது, வெறுங்கழுத்தா நிக்கற?"

"இங்க அதான் ரூல்."

"அப்ப அது எங்க?"

கேட்ட குரலில் ஒரு பதற்றம் இருந்தது. எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஏப்ரன் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். எங்கள் வேலையில் எதையும் வெறுமனே கொடுக்கமாட்டோம். பையில் போட்டு, வாயைக் கட்டி, சீட்டு வைத்துத்தான் கொடுப்போம். நேற்றே கட்டி வைத்துவிட்டேன்.

அவர் எட்டாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டாமல் படிப்பார். இன்றைக்குச் சீட்டை எழுத்துக்கூட்டினார். எடுத்த இடம், மாதம்மாள் கழுத்து. செம்பு உண்டு. துத்தநாகம் உண்டு. தங்கம் இல்லை.

"மாது, அது வந்து... லாரி டியூ கட்ட..."

"டெஸ்ட் பண்ணியாச்சுங்க. இனி அதை எடுத்துகினு போங்க. இங்க வெச்சுக்க இடம் இல்ல."

"மேட்டுக்காடு விஷயமா..."

"அது எங்க அம்மா என் பேருக்கு எழுதினது. அதை நான் பாத்துக்கறேன்."

அவர் பையைப் பிரிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கரட்டுப் பக்கமிருந்து ஆட்கள் நாலாவது துளையின் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல்லிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. மஞ்சுளா ஷெட் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"போய்ட்டு வாங்க" என்று சொல்லப் பார்த்தேன். பழக்கம். "போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மத்தியானம் முட்டைக் குழம்பு. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.